செத்த ராஜாவுக்கு ஒரு ஒன்ஸ்மோர்

"தாத்தாவை இந்த வருஷம் நாலு தடவையாவது சாகடிச்சே தீரணும்னு பின் பெஞ்சுல பேசி வெச்சிருக்காங்கப்பா" என்றாள் ஐரின், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

அகஸ்டினுக்குக் காபி புரையேறியது.

"யாரு?"

"எல்லாம் எதிர் வீட்டு வலியுல்லா கோஷ்டிதான். போன வருஷம் ரெண்டு தடவைதானாம். இந்த வருஷம் ரெக்கார்டை உடைக்கணுமாம்."

கொலைத் திட்டம் என்று யாரும் பதற வேண்டாம். விஷயம் நாடகம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்களுடைய பங்குத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மாதா கோயில் ஹாலில் ஓர் இசை நாடகம் உண்டு. நாடகத்தின் பெயர் மாறும், கதை மாறும், ராணி மாறுவாள். கடைசிக் காட்சியில் ராஜா மந்திரியின் கையால் குத்துப்பட்டுச் சாவது மட்டும் மாறாது. ராஜா, அகஸ்டினின் அப்பா காஸ்பர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜாவாக இருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

குத்துப்பட்டதும் அவர் செத்துவிட மாட்டார். நெஞ்சில் கத்தியோடு, 'போய் வருகிறேன் பூமித் தாயே' என்று தொடங்கி, சரணம் சரணமாகப் பாடி முடித்த பிறகுதான் விழுவார். ஹாலில் யாராவது 'ஒன்ஸ்மோர்' என்று குரல் கொடுத்தால் எழுந்து, அங்கியைத் தட்டி, கத்தியை மறுபடி நெஞ்சில் பொருத்திக்கொண்டு, முதலிலிருந்து பாடி, முதலிலிருந்து சாவார். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி உடனேயே வந்துவிடலாமா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

இந்தக் காலத்தில் வீட்டிலேயே கேட்டார்கள்.

"குத்துப்பட்டவன் பாடுறதுல என்ன தாத்தா லாஜிக்கு?" என்பாள் ஐரின்.

"உங்க சபா நாடகத்துல குத்துப்பட்டவன் பக்கம் பக்கமா பேசுறானே, அதுல லாஜிக் இருக்கா? பேச மூச்சு இருந்தா பாடவும் இருக்கும்."

"அங்கல்லாம் யாரும் யாரையும் குத்தறதே இல்ல. ஒரு சோபா, ஒரு டெலிபோன். வந்து உட்கார்ந்து ஜோக்கடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அத பாக்க எதுக்கு டிக்கெட்டு? டெலிபோன் ஆபீஸ்லயே போய் உட்காரலாமே."

இந்தச் சண்டை அகஸ்டினுக்குப் பழகிவிட்டது. அவனுக்குப் பழகாதது வேறு. போன வருஷ நாடகத்தில் திரை இழுக்கிற கயிறோடு பக்கவாட்டில் நின்றிருந்தவன் அவன். பின் பெஞ்சுப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும், ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு 'ஒன்ஸ்மோர்' என்று கத்தியதையும் கண்ணால் பார்த்தவன். அப்பா பார்க்கவில்லை.

"பாத்தியாடா" என்று அன்றைக்கு வீடு திரும்பும்போது காஸ்பர் சொன்னார். "பெல்பாட்டம் போட்ட பசங்கடா. இதுங்களுக்கு ரசனை இல்லன்னு எவன் சொன்னான்?"

அதையே அந்த வருஷம் முழுவதும் பால் பூத்திலும் தபால் ஆபீசிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் இப்படி வாய் ஓயாமல் பேசி அகஸ்டின் கேட்டதில்லை. அத்தனையும் கிண்டல் என்று தெரிந்தால் மனுஷன் என்ன ஆவார்? தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அகஸ்டினுக்கு வேண்டும்.

முதல் காரியமாக, சத்தத்துக்குக் காரணமான பாட்டையே குறைத்துவிடப் பார்த்தான்.

கண்ணாடி முன்னால் நின்று செத்துப் பழகிக்கொண்டிருந்தார் காஸ்பர்.

"அப்பா, கமிட்டில நாடகத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொல்றாங்க. கடைசிப் பாட்டுல ஒரு சரணம் போதும்னு..."

"எதுக்கு?"

"நீளமா இருந்தா இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்காதாம்."

காஸ்பர் மகனைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன வருஷம் ஒன்ஸ்மோர் கேட்டதே அந்தப் பசங்கதானடா. அவங்களுக்கு நீளம் பத்தல. அதான் அவங்களுக்குன்னே புதுசா ஒரு சரணம் கட்டியிருக்கேன். கேக்கறியா?"

அகஸ்டின் கேட்டான். பழைய சரணங்களைவிட நீளமாக இருந்தது.

பாட்டைக் குறைக்க முடியாவிட்டால் பையன்களைக் குறைக்கலாம். ஈக்காட்டுத்தாங்கலில் அவன் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி தனபாலன் மயிலாப்பூரில் ஒரு சபாவில் பெரிய புள்ளி. திருவிழாவன்று சாயங்காலமே அங்கே புத்தம் புது நகைச்சுவை நாடகம். சோபா உண்டு, டெலிபோன் உண்டு. முதலாளியிடம் பல்லைக் காட்டி ஒரு கை நிறைய பாஸ் வாங்கி வந்து, எதிர் வீட்டு வாசலில் நின்ற வலியுல்லாவிடம் கொடுத்தான்.

"உன் சிநேகிதங்களையும் கூட்டிக்கிட்டு போப்பா. நல்ல டிராமாவாம்."

"தேங்க்ஸ் அங்கிள்" என்று வலியுல்லா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அன்றிரவு அகஸ்டின் நிம்மதியாகத் தூங்கினான்.

திருவிழாவன்று மாலை. ஜோடனை விளக்கெல்லாம் எரிந்தது. அகஸ்டின் திரைச் சந்து வழியாக எட்டிப் பார்த்தான். பின் பெஞ்சு பிதுங்கி வழிந்தது. முன்வரிசையில் வழக்கமாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்காரும் பெரியவர்களைத்தான் காணோம். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

பின்பக்கமாக ஓடி வலியுல்லாவைப் பிடித்தான்.

"பாஸ் குடுத்தேனே, போகலையா நீ?"

"இன்னா அங்கிள் நீங்க, நாங்க போய்ட்டா இங்க யாரு பாக்கறது? அந்த டிராமாவ அடுத்த மாசம் எப்ப வேணா பாத்துக்கலாம். தாத்தா வருசத்துக்கு ஒரு வாட்டிதான சாவறாரு."

"அப்ப பாஸ்?"

"வூட்டுப் பெருசுங்களுக்குக் குடுத்துட்டோம். கோயில் பேண்டு பார்ட்டி நைனா இருக்காரே, அவருதான் ரொம்ப குஷி. சின்ன வயசுலேர்ந்து இதே பாட்டக் கேட்டுக்கினு கீறாராம். ஒரு வாட்டியாவது சாஞ்சு உட்கார்ந்து ஃபேன் காத்துல டிராமா பாக்கணுமாம்."

ஆக, ரசிக்கிறவர்களை மயிலாப்பூருக்கு அனுப்பிவிட்டுச் சிரிக்கிறவர்களை மட்டும் ஹாலில் மிச்சம் வைத்திருந்தான் அகஸ்டின்.

பெண்கள் பக்கத்தில் நோரா டீச்சர் மட்டும் வழக்கமான நாற்காலியில், மடியில் கைக்குட்டையோடு தயாராக இருந்தாள். அகஸ்டினுக்கு மூன்றாம் வகுப்பு நடத்தியவள், அம்மாவின் உயிர்த்தோழி. ஒவ்வொரு வருஷமும் ராஜா சாகும்போது இரண்டு பேரும் அந்த இடத்தில்தான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவின் நாற்காலியில் இப்போது ஐரின் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சபாவுக்குப் போகலையா டீச்சர்?"

"ஒருத்தன் சோபால உட்கார்ந்து பேசறத பாக்க மயிலாப்பூர் வரைக்கும் எதுக்குப் போகணும்? எங்க வீட்லயே சோபா இருக்கு, அதுல உட்கார்ந்து பேசறதுக்கு என் தம்பியும் இருக்கான்."

நாடகம் தொடங்க மணியடித்துவிட்டது. வேறு வழி இல்லை. அகஸ்டின் மறுபடி வலியுல்லாவிடம் போய், இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். போன வருஷச் சத்தத்தைத் தாத்தா நிஜமென்று நம்பிக்கொண்டிருக்கிறார், இன்னொரு தடவை கத்தினால் ஏதாவது ஒரு சிரிப்பு அவர் காதில் விழுந்துவிடும், அப்புறம் அவர் மேடையேற மாட்டார், பேசவும் மாட்டார் என்று.

வலியுல்லாவின் முகம் தொங்கிப் போனது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா அங்கிள்? கவலப்படாதீங்க. ஒரு பய மூச்சு விட மாட்டான். நான் கேரண்டி."

கடைசிக் காட்சி வந்தது. மந்திரி குத்தினான். காஸ்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடினார். பூமித் தாயிடம் விடை பெற்றார், வாளிடம் பெற்றார், குதிரையிடம் பெற்றார். பையன்களுக்காகக் கட்டிய புதுச் சரணத்தையும் பின் பெஞ்சைப் பார்த்தபடி பாடினார். விழுந்தார்.

ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

பையன்கள் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஹார்மோனியக்காரர் விரலை எடுக்காமல் காத்திருந்தார். மந்திரி கத்தி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அகஸ்டின் ஆசைப்பட்டது இதைத்தான். கயிற்றைப் பிடித்தபடி, வாழ்க்கையில் இதைவிட மோசமான ஓசையைத் தான் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

விழுந்து கிடந்த காஸ்பர், எப்போதும் செய்வதுபோல ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பெண்கள் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் பூசிய அரிதாரத்துக்கு அடியில் ஏதோ மெல்ல வடிந்து போவது பக்கவாட்டிலிருந்தே தெரிந்தது. செத்த ராஜாவுக்கு நிஜமாகவே சாவு வருகிற மாதிரி இருந்தது.

அகஸ்டின் திரை ஓரமாக வந்து பின் பெஞ்சைப் பார்த்து, கத்துங்கடா என்று கையை வீசினான். கூட்டத்தை அடக்கச் சொல்கிறார் என்று நினைத்த வலியுல்லா, பக்கத்தில் இருந்தவன் வாயையும் சேர்த்துப் பொத்தினான்.

தானே கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தான் அகஸ்டின். காற்றுதான் வந்தது.

"ஒன்ஸ்மோர்!"

பெண்கள் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல். "தாத்தா, கத்தி சரியா ஏறல. எந்திரிச்சு இன்னொரு தடவ சாவுங்க."

ஹால் வெடித்தது. அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. பின் பெஞ்சு விசிலடித்தது, "ஒன்ஸ்மோர்" என்று கூரையைத் தூக்கியது. காஸ்பர் இருபது வயசுப் பையனைப் போலத் துள்ளி எழுந்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கு அவர் நாலு தடவை செத்தார். ரெக்கார்டு உடைந்தது.

நாடகம் முடிந்ததும் அகஸ்டின் நேராக மகளிடம் போனான்.

"ஊர்ப் பசங்கள எல்லாம் கையக் கால புடிச்சு வாயடைச்சு வெச்சேன். கடைசில நம்ம வீட்டுப் பொண்ணே தாத்தாவைக் கிண்டல் பண்றியா?"

"என்னை யாரும் கத்தக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் ஐரின். பிறகு குரல் இறங்கியது. "கிண்டல்தான்பா பண்ணினேன். ஆனா அவர் அப்படியே படுத்துக் கிடந்தது எனக்கு என்னமோ பண்ணிச்சு."

"அவருக்கு இது கிண்டல்னு தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியா? உங்க பாட்டி இதே நாற்காலியில உட்கார்ந்து, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டு அழுதவங்க. அவங்க உட்கார்ந்த இடத்துலேர்ந்து..."

பக்கத்தில் நோரா டீச்சர் கைக்குட்டையை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கம்மா அழுதான்னு யாருடா சொன்னது?" என்றாள். "நாங்க டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூல்ல படிக்கறப்ப கிண்டலுக்கு முத முத ஒன்ஸ்மோர் கத்தினதே அவதான், எந்தப் பொண்ணு அதுன்னு விசாரிச்சுக்கிட்டே வந்துதான் உங்கப்பா அவளைக் கட்டிக்கிட்டாரு."