குற்றாலம் போகாத குற்றாலம் டூர்

சங்கரன்கோவிலில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அது தற்செயல். அந்த இரண்டு பேரையும் பிடித்துக் கீழே உட்கார வைத்து, நடுவில் ஒரு பொட்டலம் காராச்சேவை ஒருவர் பிரித்து வைத்தால், அது ஜமுக்காளம் அண்ணாச்சி. வேறு யாராகவும் இருக்க முடியாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் எப்போதும் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்திருப்பார். எங்கேயாவது நாலு பேர் கூடிவிட்டால் விரிக்க ஒன்றும் இல்லாமல் போய்விடக் கூடாதே! "நாற்காலில உக்காந்தா ஒருத்தன் மேனேஜரு, ஒருத்தன் கிளார்க்கு. இதுல உக்காந்தா எல்லாப் பயலுக்கும் ஒரே சம்மணம்தான் வே" என்பார்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பார்சல் சர்வீஸ் ஆபீஸில். தறிகளில் இருந்து வரும் துண்டு, சேலைக் கட்டுகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புகிற தொழில். ஆபீஸுக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி, கம்ப்யூட்டர், மேனேஜர், கணக்குப் பார்க்கிற நான். வெளியே வெயில், மூட்டை, மாயாண்டி தலைமையில் லோடுமேன்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து பேச மாட்டார்கள். உள்ளே இருந்த நாங்களும் எங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டோம், அது வேறு கதை. டெலிவரி கிளார்க்கான ஜமுக்காளம் மட்டும் இரண்டு பக்கமும் போய் வருவார்.

எனக்கு இந்தக் கேக் வெட்டுவது, டூர் போவது எல்லாம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. வந்தோமா, வேலையைப் பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த மனுஷன் விட்டால்தானே!

மேனேஜர் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினார்கள். லோடுமேன்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். ஜமுக்காளத்துக்குப் பொறுக்கவில்லை. கேக்கைத் தூக்கிக்கொண்டு போய் லாரியின் பின்பலகையில் வைத்துவிட்டார். "ஏலே மக்கா, வாங்க, வாங்க!" கேக் வெளியே போய்விட்டது, கத்தியோடு மேனேஜர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். யாருக்கு வாழ்த்துப் பாடுவது என்று தெரியாமல் நான் ஏசியைப் பார்த்துப் பாடினேன்.

ஆயுத பூஜைக்கு மியூசிக்கல் சேர் வைத்தார். நாற்காலி போதவில்லை என்று மேனேஜரின் சுழல் நாற்காலியையும் உருட்டிக்கொண்டு வந்து வட்டத்தில் போட்டுவிட்டார். பாட்டு நின்றதும் மாயாண்டி அதைப் பிடித்துக்கொண்டான். கடைசிவரை அதிலேயே உட்கார்ந்து ஜெயித்தான். ஜெயித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "சொகமா இருக்கு சார்" என்று மேனேஜரிடமே சொல்லி ஒரு சுற்றுச் சுற்றிக் காண்பித்தான். மறுநாளே ஆபீஸில் இனி எந்த விழாவும் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

பாவம், வீட்டில் பேச ஆள் இல்லாமல்தான் இந்த மனுஷர் இப்படி ஆள் பிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வைக்க இடமில்லை. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கோபித்துக்கொண்டு வந்து அங்கேயே தங்கிவிட்ட மச்சினன் என்று வீடே கல்யாண வீடு. அவர் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கனயும் ஆள் சேக்காராய்யா?" என்று கேட்டார்.

இந்த நிலைமையில்தான் செல்வி வேலைக்கு வந்தாள். புக்கிங் கிளார்க். வாசுதேவநல்லூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேலையில் கெட்டி. ஆனால் எங்கள் ஆபீஸ் காற்று அவளையும் பிடித்துக்கொண்டது. மத்தியானம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள்.

ஒரு நாள் அவளுடைய அப்பா, வயல் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதற்காகச் சங்கரன்கோவிலுக்கு வந்தவர், மகளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆபீஸுக்கு வந்தார். சாப்பாட்டு நேரம். கண்ணாடி வழியாக அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற ஜமுக்காளத்திடம், "அண்ணாச்சி, வீட்ல வாய் மூடாத புள்ள. இங்கன வேலைக்கு வந்து ஊமையாயிட்டா. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கா. இந்த மாசத்தோட நிப்பாட்டிருதேன்" என்றார்.

செல்விக்கு விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இந்த வேலை வேணும் அண்ணாச்சி. நின்னுட்டா திரும்ப விடவே மாட்டாவ."

"நீ எங்கயும் நிக்க வேண்டாம் தாயி. நான் இருக்கேன்லா!" என்றார் ஜமுக்காளம். அன்றிலிருந்து அந்த மனுஷருக்கு வேறு நினைப்பே இல்லை. மேனேஜரின் உத்தரவாவது, ஒன்றாவது!

அதிர்ஷ்டம் தலைமை அலுவலகம் வடிவில் வந்தது. எல்லாக் கிளைகளும் ஊழியர் ஒன்றுகூடல் நடத்தி, ஒற்றுமையாகச் சிரிக்கிற போட்டோ அனுப்ப வேண்டுமாம். மேனேஜர் வெலவெலத்துப் போனார். சிரிக்கிறதுக்கு ஆள் வேண்டுமே! "சார், குற்றாலத்துல சீசன் சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஜமுக்காளம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பியது. முன்சீட்டுகளில் நாங்கள், பின்சீட்டுகளில் லோடுமேன்கள், நடுவில் ஒரு ஜன்னலோரம் தனியாகச் செல்வி. கடையநல்லூர் தாண்டும்போது டிரைவருக்குப் போன் வந்தது. அருவியில் வெள்ளமாம், குளிக்கத் தடையாம். "அப்போ திரும்பிரலாம்" என்று முதல் ஆளாகச் சந்தோஷமாகச் சொன்னது நான்தான்.

"திரும்புங்க, ஆனா சங்கரன்கோவிலுக்கு இல்ல. புளியங்குடி வழியா வாசுதேவநல்லூருக்கு விடுங்க" என்றார் ஜமுக்காளம். "தண்ணி அருவில விழுந்தா என்ன, குழாய்ல விழுந்தா என்ன? தலைல விழணும், அவ்வளவுதான்."

எனக்குச் சந்தேகம் வந்து சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அரிசி, பருப்பு, காய்கறி, ஒரு அண்டா. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவன் அண்டா எதற்குக் கொண்டுவர வேண்டும்? அவரைப் பார்த்தேன். காதோரம் வந்து, "தடைன்னு நேத்தே தெரியும் வே. வாயப் பொத்திக்கிட்டு வாரும்" என்றார்.

செல்வி பதறி எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, இது எங்க வீட்டுக்குப் போற ரோடு!"

"ஆமா மக்கா. நேரா போனா உங்க வீடுதான் வரும்."

ஊருக்கு வெளியே அவர்கள் வயலில் பம்புசெட் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு மோட்டாரை ஓடவிடச் சொல்லியிருக்கிறார், படுபாவி! செல்வியின் அப்பா எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நாங்கள் நெளிந்தோம். யாரும் யாருடனும் பேசவில்லை. செல்வி அடுப்புக்குக் கல் கூட்டினாள், அவளும் பேசவில்லை. காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஜமுக்காளம் மட்டும் ஒவ்வொரு ஆளாகப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வர மாட்டேன் என்றார். மாயாண்டி அவரை அப்படியே தோளில் தூக்கினான். "அண்ணாச்சி, இது உடையிற சாமானா? பாத்து இறக்கணுமா?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் துண்டைக் கட்டிக்கொண்டு தலை முழுக்கச் சோப்புப் போட்டார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

"ஐயோ, கண்ணு எரியுது! யாராவது தண்ணி ஊத்துங்கய்யா!" எங்கள் மேனேஜர் வெளிப்பக்கத்து ஆளிடம் ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். மாயாண்டி தொட்டியில் இருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றினான். "குனிங்க சார், காதுக்குப் பின்னால இருக்கு" என்று பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்தும் விட்டான்.

குளித்து வந்த மேனேஜர் வேறு ஆளாக இருந்தார். தலையைத் துவட்டாமல் நேராக அடுப்புப் பக்கம் போய், சாம்பார் சாதத்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். "சார், உப்பு போட்டாச்சு" என்றாள் செல்வி, சன்னமாக. அவர் காதில் சோப்பு இருந்திருக்க வேண்டும். இன்னொரு கை அள்ளினார்.

"சார்! கைய எடுங்க! போட்டாச்சு போட்டாச்சுங்கேன், காது கேக்கலையா? ஆக்கத் தெரியலன்னா அங்கன போயி சும்மா உக்காருங்க. இத்தனை பேரும் எதத் திங்கது?"

மேனேஜர் கையில் உப்போடு நின்றார். செல்வி அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிம்மா" என்றார் மேனேஜர். உப்பைக் கீழே உதறிவிட்டு, "அப்ப நான் இலை கழுவட்டா?" என்றார்.

மாயாண்டிதான் முதலில் சிரித்தான். "எங்களையும் இப்படி ஏசு தாயி, கேக்க ஆளில்லாம கெட்டுப் போயிட்டோம்!" அதற்கும் அவள் ஒன்று கொடுத்தாள். "மொதல்ல அந்த விறகை எடுத்துப் போடுங்க, வாய் பாக்காம!" மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத சிரிப்பு.

செல்வியின் அப்பா கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். ஜமுக்காளத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதான் அண்ணாச்சி எம் புள்ள. வீட்ல என்னை இத விட ஏசுவா. நிப்பாட்டிருதேன்னு சொன்னேன்லா, அத விட்ருங்க." பிறகு மகளிடம் திரும்பி, "நாளைக்கு எந்த பஸ்ஸுட்டி?" என்றார்.

"எப்பவும் போற பஸ்தான்ப்பா" என்றாள் செல்வி.

ஜமுக்காளம் அடுப்புப் புகை என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்தார். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. உப்புக் கரித்த சாம்பார் சாதத்தை ஒருவர் விடாமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டோம். சிரிக்கிற போட்டோ எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பும்போது வேனில் யார் எந்தச் சீட்டு என்று இல்லாமல் கலந்து கிடந்தார்கள். செல்வி மாயாண்டியிடம் வழக்கடித்துக்கொண்டே வந்து அவள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கினாள். ஜமுக்காளம் மட்டும் கடைசி சீட்டில் களைத்துச் சாய்ந்திருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, அடுத்த டூர் எப்பம்?" என்று கேட்டேன்.

"கேலி பண்ணுதீரா வே?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கேலி இல்லை. வருவதற்காகத்தான் கேட்டேன்.