பேட்டரிப் பெட்டியில் ஒரு பேய்

படகுத்துறையில் அன்று படகுகளைவிட ஆட்கள் அதிகம். எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் மகான் பேய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனிதர்களைப் பிடித்த பேயை ஓட்டுவதெல்லாம் பழைய தொழில். மகான் காலத்துக்கேற்றவர். படகு மோட்டாரைப் பிடித்த பேயை மட்டும்தான் ஓட்டுவார். ஆற்றில் மூழ்கிச் செத்தவர்களின் ஆவி மோட்டாருக்குள் புகுந்து, ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கிறதாம். நீச்சலே தெரியாமல் செத்த ஆவிக்கு மெக்கானிக் வேலை எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முறை எளிது. மகான் ஒரு கறுப்புப் போர்வையால் தன்னையும் படகின் பின்பக்கத்தையும் மூடிக்கொள்வார். "எவனாவது கண்ணைத் திறந்தா பேய் அவன் மேல பாயும்!" என்று சீடன் கத்துவான். உள்ளே முணுமுணுப்பு கேட்கும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமும். கூட்டமும் உறுமும். அன்று பிடித்த மீனில் பெரியதெல்லாம் மகானின் கூடைக்குப் போகும்.

சில பேய்கள் மட்டும் இறங்க மறுக்கும். விசித்திரம் என்னவென்றால், அவையெல்லாம் புத்தம் புது மோட்டார்களாகப் பார்த்துப் பிடித்திருக்கும். அவற்றைச் சீடன் பழைய இரும்பு விலைக்கு வாங்கிப் போய் ஆற்றில் போட்டுவிடுவதாகச் சொல்வான். ராத்திரியில் படகுகளுக்குக் காவல் யார்? அதே சீடன்தான். இலவச சேவை!

அந்தத் துறையில் பயணிகள் படகை ஓட்டியவள் ஒரு பெண். படகுக்காரி என்றுதான் அவளை எல்லாரும் அழைப்பார்கள். அவள் ஓட்டுவாள், கணவன் டிக்கெட் கிழிப்பான். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் அவளை நம்பித்தான் இருந்தார்கள். புது மோட்டார் மாட்டிய சில நாட்களில், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அதோடு சரி.

கணவன் மகானிடம் ஓடினான். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"பொம்பள கை பட்டதால வந்த பேயாம். மோட்டாரைக் கொடுத்துடணுமாம். நீ இனிமே படகையே ஓட்டக் கூடாதாம்."

"அப்போ யாரு ஓட்டறது? உனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்துமே!"

"விளையாடாதடி. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு மகான் மேல் ஆத்திரம் வந்தது.

துறையே மதியத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்துப் படகில் ஏறினாள். கியர் நியூட்ரலில் இருந்தது. கழன்றால் மோட்டார் ஓடாத சிவப்புப் பாதுகாப்புக் கிளிப்பும் அதன் இடத்தில் இருந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். பேட்டரி முனைக்கும் ஒயருக்கும் நடுவே, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு பாதி செருகியிருந்தது. உருவிப் போட்டாள். ஒயரை இறுக்கினாள். சாவியைத் திருப்பினாள். மோட்டார் பாட ஆரம்பித்தது.

உடனே அணைத்தாள். பேட்டரியைக் கழற்றிக் கூடையில் வைத்து, மேலே துணியைப் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

மறுநாள் மகான் முன்னால் கைகட்டி நின்றாள்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சாமி. பேய் போச்சுன்னா படகு வருமானத்துல பாதி என்னிக்கும் உங்களுக்குத்தான்."

ஒரு மோட்டாரைவிடப் பாதிப் படகு பெரிது என்று தெரியாத அளவுக்கு மகான் உலகைத் துறந்தவர் அல்லர். வாயெல்லாம் பல்லாக வந்தார்.

கூட்டம் கூடியது. கண்கள் மூடின. போர்வைக்குள் முணுமுணுப்பு தொடங்கியது. பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. முணுமுணுப்பு சட்டென்று நின்றது. பிறகு உள்ளேயிருந்து அருள்வாக்கு வெடித்தது:

"அட நாசமாப் போறவனே, பேட்டரி எங்கடா?"

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பேய் ஒருவர் மேலும் பாயவில்லை.

"பேயை ஓட்ட பேட்டரி எதுக்கு சாமி?" என்று கேட்டாள் படகுக்காரி.

சீடன் போர்வையை நோக்கி ஓடினான். "சத்தியமா நான் எடுக்கலை சாமி! வழக்கம்போல பிளாஸ்டிக்கை மட்டும்தான் சொருகினேன்!"

படகுக்காரி போர்வையை இழுத்தாள். உள்ளே மகான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பானர்.

முதலில் பாய்ந்தவன் அவள் கணவன்தான். "என் பொண்டாட்டி கை பட்டா பேய் வரும்னியே, உன் கையில இருக்கறது என்னடா?"

மகான் ஆற்றில் குதித்தார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "காப்பாத்துங்க!" என்று அலறினார். மூழ்கிய ஆவிகள் எதுவும் உதவிக்கு வரவில்லை. ஆட்கள்தான் இழுத்துப் போட்டார்கள். சீடனின் கொட்டகையில், ஆற்றோடு போன மோட்டார்கள் அத்தனையும் துடைத்து வைத்தபடி பளபளவென்று இருந்தன.

அப்படி மோட்டாரைத் திரும்பப் பெற்ற ஒருவன் படகுக்காரி காலில் தடாலென்று விழுந்தான்.

"தாயே! மகானையே ஜெயிச்ச மகாசக்தி நீங்கதான்!"

"எழுந்திருப்பா. கும்பிடுற கையில ஸ்பானரைப் பிடி. பெட்டியைத் திறந்து நீயே பாரு."

அவன் ஸ்பானரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நல்ல நேரம் பார்த்துத் திறக்கவா தாயே?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் மோட்டார்ல ஒரு கோளாறும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் படகைக் கிளப்பினாள்.

கோளாறு வேறு எங்கே என்று அவள் சொல்லவில்லை. அதையாவது அவன் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடிக்கட்டும்.