பச்சை விழுந்த பெருவிரல்

மதிப்பும் பாசமும் நிறைந்த சம்பந்தி ராதிவோயே அவர்களுக்கு,

சாச்சாக்கிலிருந்து விதோமிர் எழுதுவது. இங்கே நான், என் மனைவி தேசங்கா, மகள் நெவெங்கா, உங்கள் மகன் மிலுன், இன்னும் பெயர் வைக்காத நம் பேத்தி எல்லோரும் நலம், என் இடது கால் பெருவிரல் நீங்கலாக. அங்கே மலைமேல் நீங்களும் உங்கள் பிளம் மரங்களும், போன தடவை என் கோட்டுப் பொத்தானைத் தின்ற அந்த ஆடும் நலம்தான் என்று நம்புகிறேன்.

என் கால் விஷயமாக ஒரே சாயங்காலத்தில் உங்களுக்கு இரண்டு சேதி வந்திருக்கும். முதலில், நீங்கள் நிரபராதி. அரை மணி நேரம் கழித்து, நீங்கள்தான் குற்றவாளி. இரண்டையும் சொன்னது மிலுன். அவனுக்குச் சொன்னது நெவெங்கா. அவளுக்குச் சொன்னது நான். மூன்றாவதாக ஒரு சேதி இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் வழியில் என்னவாக மாறுமோ என்று பயந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரியில் எங்கள் வீட்டுப் புனிதர் யோவான் நாளில் நடந்ததை மறுபடி கிளறுவதற்கு மன்னியுங்கள். கிளறாமல் மேலே போக வழியில்லை. முந்தின ராத்திரி நீங்கள் கொண்டுவந்த பிளம் சாராயத்தை நாம் இருவரும்தானே ருசி பார்த்தோம், விருந்தாளிகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று. கொடுக்கலாம் என்பது முதல் கிளாஸிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பொறுப்பானவர்கள் என்பதால் நன்றாக உறுதி செய்துகொண்டோம். விடிந்து பார்த்தால் என் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிக் கிடக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. பூனை அந்தப் பக்கமாக நடந்தாலே நான் கத்தினேன். பாதிரியார் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னபோது நின்று கேட்க வேண்டிய வீட்டுத் தலைவன், முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான், மேஜை நிறைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, தேசங்கா உங்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள்:

"உங்க வீட்டு விஷத்தைக் குடிச்சுத்தான் என் புருஷன் நொண்டியாயிட்டார்! இன்னொரு தடவை அந்தப் புட்டியோட என் வாசப்படி ஏறாதீங்க!"

கையிலிருந்த கிளாஸை உதட்டில் படாமலே கீழே வைத்தீர்கள். கொட்டுகிற பனியில் வெறுந்தலையோடு பஸ் நிலையத்துக்கு நடந்தீர்கள். உங்கள் ரோமத் தொப்பி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. நான் அதைத் தொடுவதில்லை. ஆனாலும் அதன்மேல் தூசி படிந்து நான் பார்த்ததில்லை. நல்ல ரோமம் போலிருக்கிறது.

நீங்கள் போன அன்றைக்கே அவள் என் விரலுக்கு வைத்தியம் ஆரம்பித்தாள். என்ன வைத்தியம் தெரியுமா? முட்டைக்கோஸ் இலையைச் சாராயத்தில் நனைத்துக் கட்டுவது. எந்தச் சாராயம்? உங்களுடையதுதான், வேறு எது வீட்டில் இருந்தது? "விஷம்னு சொன்னியே" என்றேன். "உள்ள போனா விஷம், வெளிய தடவினா மருந்து, பேசாம காலை நீட்டுங்க" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இலையிலிருந்து சொட்டியதை ஒரு கிண்ணத்தில் பிடித்தேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. வசந்தத்தில் மறுபடி வந்தது, கோடையில் இன்னொரு தடவை. எங்கள் ஊர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். யூரிக் அமிலம் உப்புப் படிகமாகி மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாமாம், சாராயம் அதைக் கூட்டுமாம். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாதாம். மூட்டுக்குள் ஊசி போட்டு நீரை உறிஞ்சிப் பார்த்தால் தெரியுமாம். போர்வை பட்டாலே கத்துகிற விரலில் ஊசியா? ஒரு காலில் ஓடுகிற ஆளை அவர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருப்பார். கடைசியில் நெவெங்காதான் விசாரித்தாள். பெல்கிரேடில் புது ஸ்கேன் ஒன்று இருக்கிறதாம். இரண்டு விதமான கதிரைச் செலுத்தி, எலும்பு எது, படிகம் எது என்று பிரித்து வண்ணம் பூசிக் காட்டுமாம். ஊசியே கிடையாது.

நான் போகச் சம்மதித்தது கால் வலிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். மிலுன் சொன்னான், இந்த வருஷம் நீங்கள் பிளம் பொறுக்கவே இல்லையாம். பழமெல்லாம் மரத்தடியில் விழுந்து குளவி மொய்க்கிறதாம். சாராயம் காய்ச்சுகிற கொப்பரையைக் கழுவக்கூட இல்லையாம். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் வந்து நின்றுவிட்டு, விருந்துக்கு உட்காராமல் நேராக அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்றும் சொன்னீர்களாம். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முதல் கிளாஸைத் தூக்காமல் ஒரு ஞானஸ்நானமா? அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால், ஒரு சாட்சி கோர்ட்டுக்குப் போகிற மாதிரிதான் நான் அந்த ஸ்கேனுக்குப் போனேன். படத்தில் படிகம் இல்லை என்றால் உங்கள் மேல் விழுந்த பழி தீர்ந்தது.

முந்தின நாளே தேசங்கா என் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, சட்டி தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள். "பெல்கிரேட்ல படம் எடுக்கப் போற காலு. அழுக்கோட போனா உங்களையா திட்டுவாங்க? என்னைத்தான்!" நகம் வெட்டி, ராவி, கடைசியில் என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஸ்கேன் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரிய வளையத்துக்குள் காலை நீட்டிப் படுக்கவைத்து, "அசையாதீங்க" என்றார்கள். ஆயுள் முழுக்க அசைகிற பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா? அசையாமல் இருந்தேன். உங்களுக்காக.

அப்புறம் டாக்டரம்மா யாஸ்னாவின் அறை. சின்ன வயசு, அமைதியான பெண். திரையை எங்கள் பக்கம் திருப்பின நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. வெளியே போய்விட்டார். திரையில் என் பாதம், வெள்ளை வெளேரென்று எலும்புகள். பெருவிரலில் பளிச்சென்று பச்சை! மற்ற விரல் நுனிகளிலும் பச்சை! சம்பந்தி, நான் நாலாம் நம்பர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்குப் பச்சை என்றால் ஒரே அர்த்தம்தான். உடனே நெவெங்காவுக்குப் போன் போட்டேன். "பச்சை விழுந்துடுச்சும்மா! வழி கிளியர்! மாமனாருக்குச் சொல்லு, அவர் மேல ஒரு தப்பும் இல்ல! விருந்துக்குப் பன்னிக்குட்டிக்குச் சொல்லி வை, முழுசா சுட்டுடலாம்!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். உங்களுக்கு வந்த முதல் சேதி இதுதான்.

கூட வந்திருந்த தேசங்காவுக்குச் சந்தோஷமே இல்லை. திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "நேத்துதானே நகத்தை அப்படித் தேய்ச்சேன்! அதுக்குள்ள பாசி பிடிச்சிருக்கே!" என்றாள். டாக்டரம்மா உள்ளே வந்தபோது, ஒருத்தர் ஒற்றைக் காலில் குதிக்கிறார், ஒருத்தி நகத்துக்காக மன்னிப்புக் கேட்கிறாள்.

பாவம், அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "அய்யா, இந்தப் படத்துல பச்சைதான் யூரிக் அமிலப் படிகம். அம்மா, நீங்க கவலைப்படாதீங்க, நகத்துல தெரியற பச்சை நிஜம் இல்ல. நகமும் தடிச்ச தோலும் மெஷினை ஏமாத்தும். ஆனா இந்த மூட்டு ஓரத்துல இருக்கு பாருங்க, இது நிஜம். குளிர்ல தேன் ஜாடி அடியில உறையுதே, அந்த மாதிரி உக்காந்திருக்கு." நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நெவெங்காவுக்கு மறுபடி போன் போட வேண்டியதாயிற்று. "பச்சைன்னா போகக் கூடாதாம்மா" என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. உங்களுக்கு வந்த இரண்டாவது சேதி அது. அதைக் கேட்டதும் நீங்கள் போனை வைத்துவிட்டதாக மிலுன் சொன்னான்.

இனிமேல்தான் மூன்றாவது சேதி, கவனமாகப் படியுங்கள். டாக்டரம்மா அதோடு விடவில்லை. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. தேசங்காவுக்கு ரத்தக் கொதிப்பு. அதற்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறாள். நல்ல மருந்து, தான் மட்டும் சாப்பிடுவானேன் என்று தினமும் காலையில் காப்பியோடு எனக்கும் ஒன்று கொடுத்து வந்திருக்கிறாள்! அந்த மாத்திரைதான் யூரிக் அமிலத்தை உடம்பில் தேக்கி வைக்கிறதாம். டாக்டரம்மா மேஜையைத் தட்டியே சொன்னார்: "உங்க சம்பந்தி வீட்டுச் சாராயத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!" இதே வார்த்தைகள். உங்கள் பெயரைக்கூடச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் நிரபராதி, இந்தத் தடவை நிஜமாக. மிச்சம் இருக்கிற பழத்தையாவது பொறுக்குங்கள். கொப்பரையைக் கழுவுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்றுவிட்டு ஓடாமல் வீட்டுக்கு வந்து, என் வலது பக்கத்தில் உட்காருங்கள். முதல் கிளாஸை நீங்கள் தூக்க வேண்டும். நான் தண்ணீரோடு தூக்குகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். மாத்திரை விஷயத்தைத் தேசங்காவிடம் கேட்டுவிடாதீர்கள். அவளுக்கு அது ரொம்ப வேதனை. கேட்டால் அழுதுவிடுவாள்.

புனித யோவான் உங்கள் மரங்களையும் கூரையையும், முக்கியமாகக் கால்விரல்கள் பத்தையும் காப்பாற்றட்டும். ஆட்டுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் வரவை வாசலில் ஒற்றைக் காலில் நின்று எதிர்பார்க்கும்
விதோமிர்

பி.கு.: சம்பந்தி, இது தேசங்கா. தபால்ல போடச் சொல்லி என் கையில கொடுத்தார், பசை காயறதுக்குள்ள பிரிச்சுட்டேன். எனக்கு ரத்தக் கொதிப்பே கிடையாது. நீர் மாத்திரையை நான் கண்ணால பார்த்ததில்ல. டாக்டரம்மா மேஜையைத் தட்டவும் இல்ல. இவருக்குச் சிறுநீரகம் பொறந்ததுலேர்ந்தே அந்த உப்பைச் சரியா வெளியேத்தலியாம். அதுக்கு மேல பன்னிக்கறியும் சாராயமும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும், குறைச்சுக்கிட்டு தினம் மாத்திரை போடுங்கன்னாங்க, அவ்வளவுதான். படிச்சதும் கிழிச்சுப் போடத்தான் நினைச்சேன். இந்த மனுஷன் என்கிட்டகூட ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லி முடிச்சதில்ல. உங்களை மேஜையில உக்காரவைக்க எவ்வளவு நீளமா ஒண்ணு எழுதியிருக்கார் பாருங்க. அதனால அந்த நீர் மாத்திரை நான் கொடுத்ததாவே இருக்கட்டும். அந்த வார்த்தையைச் சொன்னவ நான்தானே. சொன்ன நாள்லேர்ந்து உங்க தொப்பியை வாராவாரம் பிரஷ் போட்டு வைக்கிறேன். குளிர் வரப்போகுது, வந்து எடுத்துக்குங்க. புட்டியும் கொண்டாங்க, வாசப்படி தாராளமா ஏறுங்க, அதை என் பக்கத்துல வைங்க. நான் இதைப் படிச்சது அவருக்குத் தெரிய வேணாம். வந்து உக்காந்ததும், எல்லார் முன்னாடியும், மாத்திரை விஷயத்தை என்கிட்ட கேளுங்க. நான் அழுதுடறேன்.