சென்னப்பன் விட்ட வெள்ளோட்டம்

வளைகாப்பு முடிந்து மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரும்போது பரிசலிலும் ஏற்ற மாட்டேன், பஸ்ஸிலும் ஏற்ற மாட்டேன், சொந்தப் படகில் என் கையால் ஓட்டித்தான் கொண்டு வருவேன் என்று சென்னப்பன் ஆவணி முதல் வெள்ளியன்று பல் துலக்கும்போது முடிவெடுத்தார். பெரிய முடிவுகளை அவர் வெறும் வயிற்றில்தான் எடுப்பார். கூழ் குடித்துவிட்டால் அவருக்கு நிதானம் வந்துவிடும்.

படகோட்டி வம்சத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பிறந்தது மொரப்பூர்ப் பக்கம். அங்கே தண்ணீர் என்பது லாரியில் வரும், குடத்தில் அடங்கும். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். ஒரு நாய்கூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. ஓய்வு பெற்றதும் மனைவி தீர்த்தம்மாளின் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அது நாகமரைக்குப் பக்கத்தில், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து நிற்கிற கரையில் இருக்கிற ஊர். அங்கே நடக்கத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகள் நீந்தும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத ஒரே ஆள் சென்னப்பன். ஊரார் அவர் பெயரைச் சொல்வதில்லை, "தீர்த்தம்மா வூட்டுக்காரர்" என்பார்கள். அதுகூட அவருக்குப் பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. ஒரே மகள் கவிப்பிரியாவை எதிர்க்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் போனால் முக்கால் மணி நேரம், ரோட்டில் சுற்றினால் எழுபது கிலோமீட்டர். அவள் வருவதும் போவதும் தீர்த்தம்மாளின் சித்தப்பா மகள் செல்லியின் பரிசலில்தான். ஒவ்வொரு முறையும் செல்லி துடுப்புப் போடுவாள், தீர்த்தம்மாள் கை கொடுத்து இறக்குவாள், சென்னப்பன் கரையில் சும்மா நிற்பார். எத்தனை வீட்டுப் பெண்களைத் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் கொண்டு போய் இறக்கியிருக்கிறார். மேடு பள்ளம் பார்த்து, ஸ்பீடு பிரேக்கரில் பூப்போல ஏற்றி இறக்கியிருக்கிறார். தன் மகளை மட்டும் ஒருமுறைகூடத் தன் கையால் கொண்டு வந்ததில்லை. அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

படகு கிடைத்தது ஒரு பழைய லாட்ஜின் பின்பக்கம். பன்னிரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த பைபர் படகு. பின்னால் ஒரு எஞ்சின். உள்ளே மழைத் தண்ணீர், அதில் தவளைக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஊரில் வேனும் டிராக்டரும் வைத்திருக்கும் மாதவராஜ் அதைத் தன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினான். இறக்கும்போது, இது எதுக்குங்க என்று கேட்டான். சென்னப்பன் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார். கேட்கவேண்டிய ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தீர்த்தம்மாளுக்காக அவர் ஆறு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். எந்தக் கேள்வி வந்தாலும் ஆறில் ஒன்று பொருந்தும். அவள் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நல்லதுங்க," என்றாள். "நம்ம புள்ளைய நாம கூட்டியார்றதுதான முறை."

ஆறு பதில்களும் வீணாயின. முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் அவர் எடுத்த எந்த முடிவுக்கும் அவள் முதல் பேச்சிலேயே சரி சொன்னதில்லை. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். சென்னப்பன் மகிழ்ந்தார்.

அன்று முதல் அவள் தினமும் சாயங்காலம் படகருகே வந்து பாடம் கேட்டாள். இது என்ன, அது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவள் தன்னிடம் தண்ணீர் வண்டியைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவருக்கு ஒரு சுற்றுப் பெருத்தது போல இருந்தது. ஒருநாள் படகின் பின்பக்கத்து ஓட்டையில் திருகியிருந்த கட்டைவிரல் அளவுத் தக்கையைக் காட்டினாள்.

"இது என்னாங்க?"

"இதுதான் படகோட உயிரு. கரையில நிக்கறப்ப கழட்டி வெக்கணும், மழத்தண்ணி வடிஞ்சிரும். தண்ணில எறக்கறதுக்கு முன்னாடி மாட்டிரணும். மாட்டலைன்னா கதை முடிஞ்சது."

அவள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டே இரண்டு நிபந்தனை வைத்தாள். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளியன்று வெள்ளோட்டம் விட வேண்டும், அதில் முதல் ஆளாகத் தான்தான் ஏற வேண்டும். அடுத்தது, ஞாயிறு அன்று எவ்வளவு பாரம் ஏறுமோ அவ்வளவு பாரத்தையும் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். நியாயமான பேச்சு. ஆளுக்குப் பதில் ராகி மூட்டை வைப்பது என்று முடிவாயிற்று. நிறைமாத மகளுக்கு ஒரு மூட்டை. மாப்பிள்ளைக்கு ஒரு மூட்டை. மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவிக்கு எத்தனை என்பதில் மட்டும் கணக்கு இடித்தது. ஒன்று என்றால் பொய்யாகும், மூன்று என்றால் சம்பந்தம் கெடும். இரண்டு என்று வைத்தார்கள். எங்கே இறக்குவது என்பதையும் தீர்த்தம்மாளே சொன்னாள். கோயிலுக்குக் கீழே, செல்லி பரிசல் கட்டும் இடம்.

வெள்ளிக்கிழமை வந்தது. சென்னப்பன் பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். படகில் பஸ் ஹாரன் ஒன்றைப் பொருத்தி, அதற்கு ஒரு பேட்டரியும் வைத்திருந்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே அல்லவா.

கரையில் பூஜை. ஆயுத பூஜைக்கு பஸ்ஸைக் கழுவுவது போலத் தக்கையைக் கழற்றிவிட்டுக் குடம் குடமாக ஊற்றிப் படகைக் கழுவினார். வாழை இலை விரித்து ஸ்பேனர், திருப்புளி, கொறடு, எண்ணெய் டப்பா எல்லாவற்றுக்கும் விபூதி பூசிச் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக்கூடாது என்பதில் அவர் கறார். ஒரு வருஷம் பூஜை போட்ட அன்றே பஸ் பஞ்சராகி நின்றபோது ஸ்பேனரைத் தொட விட மாட்டேன் என்று நாற்பது பயணிகளை மாரண்டஹள்ளிக்கு நடக்க விட்டவர். அதனால் அன்றைக்குத் தேவைப்படாத சாமான்களாகப் பார்த்துத்தான் இலையில் வைத்தார்.

தீர்த்தம்மாள் குனிந்து தக்கையை எடுத்து இலையின் நடுவில் வைத்தாள். "உயிருன்னு சொன்னீங்களே. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிரலாங்க."

சென்னப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தொழிலுக்கு அவள் மரியாதை செய்து அவர் பார்த்ததில்லை. தானே தக்கைக்குப் பொட்டு வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூவும் வைத்தார்.

பிறகு எலுமிச்சம்பழத் தகராறு வந்தது. புது வண்டி என்றால் டயருக்கு அடியில் பழம் வைத்து நசுக்க வேண்டும். படகுக்கு டயர் இல்லை. டிரெய்லர் டயருக்கு வைக்கலாம் என்றார் ஒருவர். அப்படி வைத்தால் பூஜை என் டிரெய்லருக்குப் போய்விடும், உங்கள் படகுக்கு ஒன்றும் நிற்காது என்று மாதவராஜ் நியாயம் பேசினான். கால் மணி நேரம் ஊரே யோசித்தது. கடைசியில் படகின் மூக்குக்கு நேராகத் தண்ணீர் ஓரத்தில் பழத்தை வைத்தார்கள். அது நசுங்காமல் உருண்டு தண்ணீரில் மிதந்து போனது. இத்தனை கலவரத்தில் தக்கையின் நினைவு அவருக்கு வரவேயில்லை.

மாதவராஜ் மூட்டைகளை ஏற்றினான். கனமாக இருக்கிறதே என்றான். புது ராகி அப்படித்தான் இருக்கும் என்றாள் தீர்த்தம்மாள். டிரெய்லர் பின்னோக்கிப் போனது, படகு வழுக்கி இறங்கியது. சென்னப்பன் எஞ்சின் கயிற்றைப் பதினான்கு தடவை இழுத்தார். பதினைந்தாவது தடவை எஞ்சின் கரும்புகை விட்டு எழுந்தது. கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோனது. அவர் ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தார்.

முப்பது அடி தூரம் எல்லாம் நன்றாக இருந்தது. அந்த முப்பது அடியும் சென்னப்பன் காவிரிக்கே சொந்தக்காரராக இருந்தார். நாளை மறுநாள் இந்தப் பலகையில் மகள் உட்காருவாள், நான் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவேன் என்று நினைத்துக் காக்கிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போது எதிரே செல்லியின் பரிசல் நின்றது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், வலது கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பிரேக் இல்லை. மறுபடியும் மிதித்தார். கால் நனைந்தது.

"தீர்த்தம்மா, தண்ணி வருது."

"ஆமாங்க, வருது."

"எங்கருந்து வருது?"

"பின்னாடி ஓட்டையிலருந்துங்க."

"தக்கை எங்க?"

"எலையில இருக்குதுங்க."

"எந்த எலையில?"

"சாமி முன்னாடி. பூஜையில வெச்ச சாமான அன்னிக்கி எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

சாஸ்திரம் அவருடையது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. படகு அவசரப்படாமல், மரியாதையாக, மட்டமாக இறங்கியது. ஹாரன் மட்டும் ஒயரில் தண்ணீர் பட்டதில் தானாகவே அலற ஆரம்பித்து, பேட்டரி முங்கும் வரை அலறியது. சென்னப்பன் எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மொரப்பூர்க் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். தீர்த்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகிலிருந்து இறங்கி நின்றாள்.

"வுட்டுட்டு நில்லுங்க. இடுப்பளவுதான்."

நின்றார். இடுப்பளவுதான். அணை கட்டுவதற்கு முன்னால் அவள் பாட்டன் ராகி விதைத்த மேடு அது. நூறு அடி தூரத்துக்கு ஆழம் கிடையாது என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். செல்லி ஒன்றும் கேட்காமல் பரிசலை அருகே கொண்டுவந்தாள். அதில் ஒரு உலர்ந்த வேட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்தது. அவை சென்னப்பனுடையவை.

சாயங்காலம் டிராக்டரில் கயிறு கட்டிப் படகை இழுத்துப் போட்டார்கள். எஞ்சினைப் பிரித்து ஓட வைக்க ஒரு மாசம் ஆகும் என்றான் மாதவராஜ். சென்னப்பன் நனைந்த ராகியையாவது காயப் போடலாம் என்று ஒரு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஆற்று மணல். அடுத்ததை அவிழ்த்தார். நிர்மலாதேவி அம்மாளின் இரண்டு மூட்டையும் மணல்.

"ராகி எங்க?"

"வூட்டுல குதிர்ல இருக்குதுங்க. தெரிஞ்சே யாராச்சும் ராகிய தண்ணில கொண்டு போடுவாங்களா?"

"அப்ப படகு முழுகும்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு என்னாங்க தெரியும். படகப் பத்தி எல்லாம் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சனிக்கிழமை முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஊர் சிரித்தது காதில் விழுந்தது. அது அவருக்கு வலிக்கவில்லை. படகு போனதும் வலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கையோடு கரையில் நிற்கப் போகிறோம், செல்லி துடுப்புப் போட மகள் வந்து இறங்குவாள் என்பதுதான் வலித்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. தீர்த்தம்மாள் சுடச்சுடக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கோபமாக இருந்ததால் இரண்டு உருண்டையோடு நிறுத்திக்கொண்டார். நிறைமாதத்துக்காரியை அந்தப் படகில் ஏற்றச் சம்மதித்திருப்பேனா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் கத்தியிருப்பார், மனசு ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. சீர்த்தட்டுக்கு வளையலை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாதவராஜின் வேன். கழுவித் துடைத்து, முன்னால் மாவிலை கட்டி, நடு சீட்டில் மெத்தையும் இரண்டு தலையணையும் போட்டிருந்தது. மாதவராஜ் கீழே இறங்கினான். வண்டிச் சாவியைச் சென்னப்பன் கையில் வைத்துவிட்டு, தன் வீட்டைப் பார்த்து நடந்தே போனான்.

சென்னப்பன் சாவியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வேனை எப்போது பேசினாய் என்று கேட்டார். அன்றைக்கு வாசலில் படகை இறக்கிவிட்டு அவன் திரும்பும்போதே, என்றாள் தீர்த்தம்மாள்.

"அவன் எதுக்கு நடந்து போறான்? யாரு ஓட்டறது?"

அவள் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"புள்ளைய கூட்டியார்றதுக்கு அவங்கப்பா வருவாரு, டிரைவர் வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேங்க. காக்கிச் சட்டை காஞ்சிருச்சு, போட்டுக்கிட்டு வாங்க."