பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

செம்பாக்கம்,
ஏப்ரல் 6

அன்புள்ள ஆரோன் அண்ணனுக்குத் தங்கை கிருபா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். அண்ணியின் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

பிப்ரவரி பதினேழாம் தேதி பள்ளிக் குழுக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியர் ஞானையா சார், குழுத் தலைவர் சுப்பராயலு (ஏரிப் பக்கம் மனை விற்பவர்), கணக்கு எழுத நான், ஒன்பதாவது படிக்கும் தேவதர்ஷினியின் அம்மா சந்திரிகா, அவள் மடியில் தூங்கிய கைக்குழந்தை. கல்வி அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர் நீங்கள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

படிப்பில் பின்தங்கிய பன்னிரண்டு ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை அறுபதாயிரம் அனுப்பியது. சாயங்காலம் கணக்குச் சொல்லித்தர ஒரு டீச்சர், தினம் ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவுதான் திட்டம். கணக்கில் தேறாவிட்டால் தேவதர்ஷினியை மேடவாக்கத்துக்கு வீட்டுவேலைக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று சந்திரிகா சொல்லியிருந்தாள். நான் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, சுப்பராயலு, "இன்னா கிருபாம்மா, பணம் வந்துகீதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? ஒரு விழா வெச்சுடலாம்" என்றார். விழா என்றால் பந்தல், பந்தல் போட்டால் விருந்தாளி, விருந்தாளிக்குச் சால்வை, சால்வை போட்டவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா என்று பிரியாணி, நாற்பது பேர் என்றது எண்பதாகி, ஞானையா சார் மெல்ல, "டீச்சருக்கு?" என்று கேட்டதற்கு, "டீச்சர் எங்க சார் ஓடிடப் போறாங்க?" என்று பதில் வந்தது. கடைசியில் மிஞ்சியது எழுநூற்றுப் பத்து ரூபாய். அதில் ஒருநாள் சுண்டல் போட்டோம். டீச்சர் வரவேயில்லை.

இதில் ஃப்ளெக்ஸைச் சொல்ல மறந்துவிட்டேன். தாம்பரம் போகிற ரோட்டில் இருபதடி. மேலே சால்வைக்காரர்கள் பதினோரு பேரும் சிரிக்கிறார்கள், கீழே தேவதர்ஷினி மட்டும் கண்ணீரோடு, அடியில் 'மிகவும் பின்தங்கிய மாணவி' என்று கொட்டை எழுத்து. அதைக் கட்டிய மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பையன்கள், "இன்னா மிகவும், பஸ்ஸுக்கும் பின்னாலதான் வருவியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றோடு அவள் பள்ளிக்கூடம் வருவது நின்றது. சுண்டல் அன்று பன்னிரண்டாவது கிண்ணம் ஆறிப்போய்க் கிடந்தது.

நான் ரொட்டி வாங்கிக்கொண்டு சந்திரிகா வீட்டுக்குப் போனேன். அவள் மேடவாக்கத்தில் நாலாவது மாடியில் பாத்திரம் கழுவுகிறாளாம். விழா முடிந்து கழற்றிய அந்த ஃப்ளெக்ஸ் இப்போது அவர்கள் கூரைக்கு விரிப்பு. படம் உள்பக்கமாக இருந்தது.

"ஏன் சந்திரிகா இப்படிப் போட்டே?"

"வெளிய போட்டா ஊரே பாக்கும்கா. உள்ள போட்டா ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அவ மட்டும்தான் பாப்பா. பாடம் சொல்லித் தரேன்னீங்க, பேரு வெச்சு அனுப்பிட்டீங்க."

வரும் இருபதாம் தேதி செலவுக் கணக்கை அனுப்ப வேண்டும். விழாவை 'மாணவர் ஊக்கச் செலவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கை வரவில்லை. உண்மையை எழுதி, அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சர் கேட்டு அறக்கட்டளைக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள், குற்றவாளிகள் பெயர் விடாமல். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

தங்கை கிருபா

பி.கு.: மனு எழுதுமுன் ஒன்று தெரிய வேண்டும். அந்தப் படத்தை எடுத்தது நான். எத்தனை தடவை எடுத்தாலும் பிள்ளை சிரித்தாள். சிரிக்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் யார் பணம் தருவார்கள் என்று, "செத்துப்போன அப்பாவை நினைச்சுக்கோம்மா" என்று நான்தான் சொன்னேன். 'மிகவும்' என்பதைச் சேர்த்ததும் நான்தான். மனுவில் என் பெயர் எத்தனையாவதாக வர வேண்டும்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.