ஆறின டீ அண்ணனும் ஆட்டோமேட்டிக்கும்

திருப்பூரில் சூடாக ஒரு வாய் டீ குடிக்காமலேயே காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் ஆறின டீ அண்ணன்தான்.

நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு மூன்று யூனிட். தைத்து முடித்த பனியன் கட்டு ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தால், அந்த விவரம் மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களிலும் குட்டிக் குட்டி ஃபைலாகப் போய் உட்காரும். குட்டிகள் பெருகிவிட்டால் எதைத் தேடினாலும் ஆமை வேகம்தான். அவற்றைச் சேர்த்துப் பெரிய ஃபைலாக்குவதற்குப் பெயர் கம்பாக்‌ஷன். அது தானாகவே நடக்கவும் வசதி உண்டு. கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பான அண்ணன் அதை அணைத்து வைத்திருந்தார். டீ வந்து எல்லா மெஷினும் நிற்கும் நேரம் பார்த்துத் தன் கையாலேயே சேர்ப்பார். யூனிட்டே வடை கடிக்கும்போது அவர் மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் டீ ஏடு கட்டிக் கிடக்கும்.

"ஏனுங்ணா, ஆட்டோமேட்டிக்ல போட்டா அதுவே பாத்துக்குமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு டீ டைம் தெரியுமுங்களா? ஷிப்மென்ட் ஏத்தறப்ப ஆரம்பிச்சுதுன்னா கம்ப்யூட்டர் படுத்துக்கும், லாரி வாசல்லயே நிக்கும். டிரைவருக்கு அதுவா வந்து பதில் சொல்லும்?"

லீவு என்ற பேச்சே கிடையாது. காய்ச்சல் என்றால் போர்வையோடு வருவார். சொந்த நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். மாமனாரின் கோபம் கல்யாணத்தன்றுதான் தணிந்தது.

ஒருநாள், குண்டடத்தில் அம்மா வீட்டிலிருந்த அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக ஃபோன் வந்தது. மனிதர் அசையவில்லை.

"டீ டைம் முடிஞ்சதும் கெளம்பறனுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேடம் அவர் நாற்காலியையே பிடித்து இழுத்துவிட்டார்.

"கொழந்தை உங்க டீ டைம் பாத்தா பொறக்கும்? ஆட்டோமேட்டிக்கப் போட்டுட்டுக் கெளம்புங்க!"

மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவரைப் போலக் கண் கலங்கி அதைப் போட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோமேட்டிக் சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேலையைப் பார்த்தது. லாரிகள் நேரத்துக்குப் போயின.

பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு அண்ணன் திரும்பினார். ஸ்வீட் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானில்லாம... எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சுங்களா?"

இனித் தனக்கு இங்கே என்ன வேலை என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மேடம்தான் முந்திக்கொண்டார்.

"எங்கீங்க! தட்டுத் தடுமாறித்தான் ஓடுச்சு. பக்கத்துல நீங்க இருந்தாத்தான் அது அடங்குமாட்டம் இருக்குதுங்க."

"நெனச்சனுங்க!" என்று அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை மனசு வரவில்லை.