பொறுங்கோ அக்கா, புதுசு வருது

வாங்க விடாதவர்கள் என்று ஓர் இனம் கனடாவின் இந்த மொன்றியல் நகரில் உண்டு. நீங்கள் எதையோ வாங்கப் போகிறீர்கள் என்று காதில் விழுந்தால் போதும், வந்துவிடுவார்கள். வாங்காதே என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். அவர்கள் என்ன கல்நெஞ்சர்களா? சரியானதை வாங்கு என்பார்கள். அதைத் தாமே பார்த்துச் சொல்வதாகவும் வாக்குக் கொடுப்பார்கள். அங்கேதான் உங்கள் கதை முடிந்தது.

கர்க்லாண்ட் பகுதியில் இருக்கும் கிறிஸ்தோப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும் கூட்டத்தில், யாருடைய புதுத் தொலைபேசியையோ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, என்ன விலை என்று விசாரித்து, பதில் வந்ததும் செத்தவீட்டுக்கு வந்தவரைப் போலத் தலையை ஆட்டுகிறாரே, அவர்தான். அவருடைய சொந்த மடிக்கணினியின் மூடி கழன்று, ஒட்டுநாடாவால் ஒட்டிக் கிடக்கிறது. உலகத்தில் வெளியாகும் புதுக் கணினிகளைப் பற்றிய வீடியோ அத்தனையையும் அவர் பார்ப்பது அதில்தான்.

இவரிடம் போய் அகப்பட்டவர் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் யோகராணி. அந்தத் தாயின் நிலையைக் கேளுங்கள். ஒரே மகள் தாட்சாயினி, விமானத்தில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய கல்கரியில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். பேற்றுக்குத் தாய் பக்கத்தில் நிற்க வேண்டாமா? தாய்க்கோ விமானம் என்றாலே உயிர் போய்விடும். கனடாவுக்கு வந்த அன்று நடுவானில் அது ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அவர் விமானம் ஏறியதே இல்லை. கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது, ஏறுவதையும் இறங்குவதையும் அதில் பார்த்துப் பழகினால் பயம் தெளியும் என்று கிளினிக்கில் ஒரு தாதி சொன்னார். அதற்குச் சாதாரணக் கணினி போதாதாம், கேமிங் லாப்டொப் வேண்டுமாம். யோகராணி கிறிஸ்தோப்பரைக் கேட்டார். விதி வேறென்ன செய்யும்?

கிராபிக்ஸ் கார்ட் பலமாக இருந்தால் சூடேறும் என்றார் கிறிஸ்தோப்பர். சூடேறாததை எடுத்தால் முகில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்றார். முகில் வடிவாகத் தெரிந்த கணினியின் விசிறி இரைகிறது என்றார். டவுன்டவுன் கடையில் இருந்த ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டார். பொன்சூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்த விற்பனையாளருக்கு, மெமறியைப் பற்றிப் பாடம் நடத்தி அனுப்பினார். கடைசியில் எல்லாம் பொருந்திய ஒன்று அகப்பட்டே விட்டது. வாங்க விட்டாரா?

"பொறுங்கோ அக்கா, அடுத்த மாசம் புதுசு வருது. இப்ப எடுத்தா பேந்து அழுவியள்."

யோகராணி அப்போதே அழுதுகொண்டுதான் இருந்தார். அதெல்லாம் எந்த வீடியோவில் வருகிறது?

புதுசு வந்தது. முதலில் வருவதில் குறை இருக்கும், அதற்கடுத்தது வரட்டும் என்றார். பிள்ளை கிறிஸ்தோப்பரைக் கேட்டுக்கொண்டா வளரும்? ஒருநாள் மருமகன் அழைத்தார். இரத்த அழுத்தம் கூடிவிட்டது, நாளை மறுநாளே பிள்ளையை எடுக்கப் போகிறார்கள். யோகராணி கிறிஸ்தோப்பரின் எண்ணை அழுத்தினார்.

"தம்பி, ஏதாவது ஒண்டைச் சொல்லு. எதெண்டாலும் இண்டைக்கே வாங்கிறன்."

"அவசரத்தில லாப்டொப் எடுக்கக் கூடாது அக்கா. ரெண்டு கிழமை பொறுங்கோ, விலை விழும்."

யோகராணி தொலைபேசியை வைத்தார். டோர்வல் விமான நிலையத்துக்குப் போனார். பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்தவர், கல்கரி வரைக்கும் விடவில்லை; கண்ணையும் திறக்கவில்லை. தெரிந்த தெய்வம் அத்தனையையும் கூப்பிட்டுக்கொண்டே போய் இறங்கினார். ஆஸ்பத்திரியில் பேத்தியை முதலில் ஏந்தியவை அந்தக் கைகள்தான்.

ஒரு மாதம் கழித்துக் கிறிஸ்தோப்பர் அழைத்தார். குரலில் போரில் வென்ற களிப்பு.

"அக்கா, முடிவெடுத்திட்டன்."

"நான் கல்கரியில நிக்கிறன் தம்பி. பறந்துதான் வந்தனான்."

வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உடனே அடுத்த விசாரணையைத் தொடங்கினார்.

"திரும்பி வாற ரிக்கெற் எடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"எடுக்காதேங்கோ. எந்த பிளேன் நல்லதெண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

பேத்திக்குப் பல் முளைக்கும்வரை அம்மா தன்னோடுதான் என்று தாட்சாயினிக்கு ஒரே சந்தோசம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களிடமும் யாரோ யோசனை கேட்டு, நீங்களும் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறீர்களே, அவருக்கு ஒருமுறை தொலைபேசி எடுங்கள். இதற்குள் எந்த ஊரில் போய் இறங்கிவிட்டாரோ, யார் கண்டது?